அப்பாவை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமா?

கேள்வி:

டாக்டர்,

எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரி. அப்பாவுக்கு 74 வயது. வாழையும் நெல்லும் போட்டு எங்களை ஆளாக்கியவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து பைபாஸ் செய்தோம். அதன் பிறகு நன்றாகத்தான் இருந்தார். இரண்டு வருஷமாக இதயம் பலவீனமாகிவிட்டது என்கிறார்கள். கடைசியாக எடுத்த எக்கோவில் பம்பிங் 20 சதவீதம். எட்டு மாதத்துக்குள் நான்கு தடவை பாளையங்கோட்டையில் சேர்த்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் ஊசி போட்டு, நீரை வெளியேற்றி அனுப்புகிறார்கள். முதல் தடவை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். கடைசித் தடவை ஒன்பதாம் நாளே மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. கிரியாட்டினின் 2.4. பிரஷர் 90-க்கு மேல் ஏறவில்லை என்று சில மாத்திரைகளைக் குறைத்துவிட்டார்கள். நீர் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

போன வைகாசியில் ஒன்பது கருட சேவைக்குத் தெருமுனை வரை நடந்து போய் நின்று சேவித்துவிட்டு வந்தார். இந்த வருஷம் கட்டிலை விட்டு இறங்கவே இரண்டு ஆள் வேண்டும். ராத்திரி படுக்க முடியாமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே கண்ணயர்கிறார். “ஏ மக்கா, இனி என்னைய எங்கயும் தூக்கிட்டு அலையாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், “பணத்தைப் பத்திக் கவலைப்படாதே, சென்னைக்குக் கொண்டு போ” என்கிறான். திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண், “ஹாஸ்பிஸ் கேர் பத்திக் கேட்டுப் பாருங்க சித்தி” என்றாள். அது சாகப்போகிற புற்றுநோய்க்காரர்களுக்கு உள்ளது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாவுக்கு அந்தக் கட்டம் வந்துவிட்டதா? நான் சரி என்று சொன்னால் பெற்றவரைக் கைவிட்ட பாவம் வந்து சேராதா? நடுராத்திரி மூச்சு முட்டினால் நான் ஒருத்தி என்ன செய்வேன்?

– பெயர் வெளியிட வேண்டாம், ஆழ்வார்திருநகரி

பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் கட்டம் வந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்தக் கட்டம் என்பதற்கு நீங்கள் நினைக்கிற பொருள் வேறு, நான் சொல்லப்போகிற பொருள் வேறு. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

புற்றுநோயில் பெரும்பாலும் ஒரு நாள் வரும். டாக்டர் அழைத்து உட்கார வைத்து, இனி கீமோ கொடுத்துப் பயனில்லை என்று சொல்வார். குடும்பம் அழும், பிறகு அடுத்த ஏற்பாட்டைப் பார்க்கும். இதய பலவீனத்தில் அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. இது படிக்கட்டில் இறங்குவது போன்ற நோய். இரண்டு படி சரிவார், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் ஒரு படி ஏறுவார். அந்த ஒரு படி ஏற்றத்தைப் பார்த்து எல்லோரும் நிம்மதி அடைவோம். முந்தைய தடவை நின்ற இடத்தைவிடக் கீழேதான் நிற்கிறார் என்பது கண்ணில் படாது. உங்களுக்குப் பட்டிருக்கிறது. முதலில் இரண்டு மாதம், கடைசியில் ஒன்பது நாள் என்று நீங்கள் எழுதிய வரியை ஓர் இதய மருத்துவர் படித்தால் எக்கோ ரிப்போர்ட்டைவிட அதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பார். கருட சேவைக்கு நடந்து போனவர் இந்த வருஷம் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை என்பதும் அப்படித்தான்.

முற்றிய இதய நோயில், வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையை (பேலியேட்டிவ் கேர்) எப்போது கொண்டுவர வேண்டும் என்பதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் அடையாளங்கள் அநேகமாக எல்லாமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஆஸ்பத்திரிவாசம். நீர் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போவது. பிரஷர் தாழ்ந்து, இதயத்தைக் காக்கும் மாத்திரைகளையே உடம்பு தாங்காமல் போவது. சிறுநீரகம் சுணங்குவது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. இவற்றோடு ரத்தத்தில் சோடியம் குறைவது, தசை வற்றி எடை இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியும் உண்டு: இந்த நோயாளி அடுத்த ஓராண்டுக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா? அடுத்த முறை போகும்போது இந்தக் கேள்வியை அப்படியே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். “இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, மழுப்புவார்கள். இப்படிக் கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

நம் பக்கத்துக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் 2013-இல் இதய பலவீனத்துக்காகச் சேர்ந்த 1,205 பேரைப் பெயர் பதிந்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய சராசரி வயதே 61-தான். ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்களில் 59 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். நிறைய புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. ஆனாலும் புற்றுநோய் என்றால் கலங்குகிற நம் குடும்பங்கள், ‘ஹார்ட் கொஞ்சம் வீக்’ என்று சொன்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றன. அப்படிச் சொல்லி அனுப்பிவிடுகிற எங்கள் தரப்பிலும் தவறு இருக்கிறது.

ஆனால், நான் உங்கள் அப்பாவை நேரில் பார்க்கவில்லை. அதனால் ஒன்றை உறுதி செய்துகொள்ளச் சொல்வேன். திருத்தக்கூடியது ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை, முழுமையாகப் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு, தாறுமாறாக ஓடும் இதயத் துடிப்பு, ஒழுகும் வால்வு, புதிய அடைப்பு ஆகியவற்றைத்தான் சொல்கிறேன். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் நீரைத் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் புளியோதரை எல்லாமே உப்புதான். ஒரு வேளை உப்பு கூடினாலே நீர் கோத்து மூச்சு திணறக்கூடும். இதையெல்லாம் பார்க்கச் சென்னை போக வேண்டியதில்லை. திருநெல்வேலி ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவிலேயே பார்க்கலாம். 74 வயதில், சிறுநீரகமும் சுணங்கியவருக்கு மாற்று இதயமோ, இதயத்துக்குத் துணையாகப் பொருத்தும் பம்போ பொருந்துவது மிகமிக அரிது. உங்கள் அண்ணனின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கூடுதலாகத் தரக்கூடியது, இந்த நிலையில், அநேகமாக ஐசியூவும் வென்டிலேட்டரும்தான்.

இப்போது ஹாஸ்பிஸ் என்பதற்கு வருகிறேன். 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் நவீன ஹாஸ்பிஸுக்கு முன்னோடி. இந்தியாவில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் வந்தது. இரண்டும் பெரும்பாலும் புற்றுநோயாளிகளை மனதில் வைத்தே வளர்ந்தவை. சென்னையின் ஜீவோதயா போன்ற இல்லங்களும் புற்றுநோயாளிகளுக்கானவையே. அதனால்தான் நீங்கள் அப்படி நினைத்திருக்கிறீர்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஆதரவுச் சிகிச்சை தேவைப்படும் பெரியவர்களில் முதலிடம் புற்றுநோயாளிகளுக்கு அல்ல. 38.5 சதவீதம் பேர் இதய, ரத்தநாள நோயாளிகள். புற்றுநோயாளிகள் 34 சதவீதம். அமெரிக்காவில் ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று இரண்டு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் அரசுக் காப்பீட்டில் ஹாஸ்பிஸ் கிடைக்கும். நம் நாட்டில் அப்படி விதி இல்லை. இதில் நமக்கு நன்மைதான், ஏனென்றால் இதய நோயில் ஆறு மாதத்தை யாராலும் கணித்துச் சொல்ல முடியாது.

உங்களுக்குத் தேவை ஒரு கட்டடம் அல்ல. அப்பா இருக்கும் வீட்டுக்கே வருகிற ஒரு செவிலியர், தொலைபேசியில் கேட்டால் சொல்ல ஒரு மருத்துவர், கையில் சில மருந்துகள், எழுதி வைத்த ஒரு திட்டம். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் இப்படித்தான் வீடு வீடாகப் போய் வளர்ந்தது. 2008-இல் அந்த மாநிலம் அதை அரசுக் கொள்கையாகவே ஆக்கியது. உங்கள் உறவுக்காரப் பெண் அங்கே வேலை பார்ப்பதால்தான் அவளுக்கு இது உடனே நினைவுக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வட்டாரத்துக்கு ஒரு செவிலியர் என்பது ஏற்பாடு.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். நீங்கள் வைத்தியம் பார்ப்பது பாளையங்கோட்டையில், திருநெல்வேலி மாவட்டம். வீடு இருப்பது தூத்துக்குடி மாவட்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரம். வீட்டுக்கு வரும் செவிலியர் உங்கள் வட்டாரத்திலிருந்துதான் வருவார். ஆகவே பாளையங்கோட்டை டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அப்பா பெயரைப் பதியச் சொல்லுங்கள். ‘இதய நோய்க்கு இல்லை, கேன்சருக்குத்தான்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்தே 104-க்கு அழைத்துக் கேளுங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

அடுத்து, ஆதரவுச் சிகிச்சைக்கு மாறினால் இதய மாத்திரைகளை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். புற்றுநோயிலிருந்து இதய நோய் பெரிதும் வேறுபடும் இடம் இது. உங்கள் அப்பாவுக்கு ஃபுரோசமைடு, டார்சிமைடு போன்ற நீர் மாத்திரைதான் மூச்சு நிவாரணி. அதை நிறுத்தினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். எனவே அது கடைசிவரை தொடரும். விழுங்க முடியாதபோது ஊசியாகவும் கொடுக்கலாம். மற்ற இதய மாத்திரைகளையும் பிரஷர் தாங்கும் வரை வைத்திருப்பது நல்லது. நிறுத்தக்கூடியவை வேறு: கொழுப்பைக் குறைத்து, வருஷங்கள் கழித்துப் பயன் தரும் மாத்திரைகள், வைட்டமின்கள், வாராவாரம் குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள். இதய வைத்தியமும் ஆதரவுச் சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்கும், ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முற்றிய இதய நோயாளிகள் 150 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியத்தோடு ஆதரவுச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. சேர்த்துப் பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. ஆயுளில் வித்தியாசம் இல்லை, அதாவது ஆதரவுச் சிகிச்சை யாருடைய நாளையும் குறைக்கவில்லை.

நெஞ்சுக்குள் ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவி பொருத்திய நோயாளிகள் வீட்டில் இருந்தால், அவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. கடைசி நாட்களில் அந்தக் கருவி திரும்பத் திரும்ப ஷாக் கொடுத்து வதைக்கக்கூடும். அதன் ஷாக் வேலையை மட்டும் வலியின்றி அணைத்துவைக்க முடியும். அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உங்கள் நடுராத்திரிக் கேள்விக்கு வருகிறேன். மூன்று கேள்விகளில் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நான்கு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடியதற்குக் காரணம் நோய் மட்டும் அல்ல. அந்த இருட்டில் உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்பதுதான். கையில் மருந்தும், என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவும் இருந்தால் அந்த ஓட்டங்களில் பாதியாவது தேவைப்படாது.

முதலில், இரவு வருவதற்கு முன்பே பிடித்துவிட முயலுங்கள். கால் வீக்கம் முழங்காலுக்கு மேல் ஏறுவது, தலையணை எண்ணிக்கை கூடுவது, எடை பார்க்க முடிந்தால் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறுவது ஆகியவை நீர் கோக்கிறது என்பதற்கு அடையாளம். அன்றைக்கு நீர் மாத்திரையை எவ்வளவு கூட்டலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். நீங்களாக ஊகித்துக் கூட்டாதீர்கள்.

மூச்சுத் திணறல் வந்தால் படுக்க வைக்காதீர்கள். கால் தொங்கவிட்டு உட்கார வைத்து, முன்பக்கம் ஒரு ஸ்டூலில் தலையணை வைத்து அதன் மேல் கைகளை ஊன்றிக்கொள்ளச் செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து, மேஜை விசிறியை நேராக முகத்துக்குத் திருப்புங்கள். கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் காற்று படும்போது மூச்சுமுட்டும் உணர்வு மூளையில் தணிகிறது என்பது பரிசோதித்துக் கண்ட உண்மை. வீட்டில் ஆக்சிஜன் எந்திரம் வாங்கச் சொல்லி உங்கள் அண்ணன் பணம் அனுப்பக்கூடும். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு குறைவாகக் காட்டினால்தான் அது உதவும். அளவு சரியாக இருந்தும் மூச்சு முட்டுகிறவர்கள் 239 பேரிடம் செய்த ஆய்வு 2010-இல் லான்செட் இதழில் வந்தது. ஆக்சிஜன் கொடுத்தவர்களுக்கும் குழாய் வழியாகச் சாதாரணக் காற்றைக் கொடுத்தவர்களுக்கும் நிவாரணத்தில் வித்தியாசம் இல்லை. மின்சாரம் போனாலும் ஓடுகிற பேட்டரி விசிறி ஒன்று வாங்கி வைப்பது அந்தப் பணத்துக்கு நல்ல செலவு.

மருந்து என்றால் மார்ஃபின். இந்தப் பெயரைக் கேட்டாலே நம் மக்கள் பதறுகிறார்கள். மிகக் குறைந்த அளவில் கொடுக்கும்போது அது மூச்சுத் திணறலின் தவிப்பைத் தணிக்கும். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் உயிரை எடுக்காது, கடைசிக் காலத்தில் அடிமையாக்கிவிடுமோ என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் உங்கள் அப்பாவின் கிரியாட்டினின் 2.4 என்பதால் மார்ஃபின் உடம்பில் தேங்கும். அளவை இன்னும் குறைத்து, இடைவெளியைக் கூட்டித் தர வேண்டும், அல்லது வேறு மருந்துக்கு மாற வேண்டும். இதைத் தெரிந்த மருத்துவரே எழுத வேண்டும். மலச்சிக்கலுக்கு மருந்தும் கூடவே எழுதி வாங்குங்கள், முக்கித் திணறுவது பலவீனமான இதயத்துக்கு ஆகாது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைத்து நோயாளிக்குத் தருவது எளிதாகியிருக்கிறது. தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தாமிரபரணி கரை மீறியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்ததும் மூன்று வாரத்துக்கான மாத்திரைகளை, மார்ஃபின் உட்பட, தண்ணீர் ஏறாத உயரத்தில் டப்பாவில் போட்டு வையுங்கள். 35 கிலோமீட்டர் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தாலும் சாலை இல்லாத நாள் வரும்.

இவ்வளவுக்கும் அடங்காத திணறல் என்றால் 108-ஐக் கூப்பிடலாம். வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே கூடாது என்று எந்த விதியும் இல்லை. நிவாரணத்துக்காக ஸ்ரீவைகுண்டம் அரசு மருத்துவமனை வரை போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரலாம். ஐசியூ வேண்டாம், குழாய் வேண்டாம் என்று எழுதிய தாள் கையில் இருந்தால் போதும்.

அந்தத் தாளை அப்பாவே எழுத வேண்டும். “எங்கயும் தூக்கிட்டு அலையாதீங்க” என்று அவர் சொல்வதை நீங்கள் புலம்பல் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் அதை ஒரு நோயாளி தெளிந்த அறிவோடு தெரிவிக்கும் விருப்பமாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மூச்சு சீராக இருக்கிற ஒரு காலை நேரத்தில், உறவுக்கூட்டம் இல்லாதபோது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “அப்பா, உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு? எதை நினைச்சுப் பயப்படுறீங்க? மறுபடி முடியாமப் போனா என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சில அப்பாக்கள் சாவைப் பற்றிப் பயப்படுவதில்லை. மகளுக்குச் சுமையாகிவிட்டோமே என்றும், நிலத்துக் கடன் என்னாகும் என்றும்தான் பயப்படுகிறார்கள். அப்படியானால் நிவாரணம் மாத்திரையில் இல்லை, பத்திரத்தை எடுத்து உட்கார்ந்து பேசுவதில் இருக்கிறது. அவர், “இல்லை, இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கலாம்” என்று சொன்னால் அதையும் மதிக்க வேண்டும்.

சட்டம் இதில் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. உயிரை நீட்டிக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்தது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் ஒப்பம் வாங்கினால் போதும். தனக்கு நினைவு தப்பினால் யார் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அதில் எழுதலாம். அங்கே உங்கள் பெயரையும் அண்ணன் பெயரையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். தென் மாவட்டங்களில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நிழல் உண்டு. வயதானவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கும் கொடுமை நம் பக்கத்தில், குறிப்பாக விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அது கொலை. வேண்டாதவர்களை முடித்துவிடுவது. நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அதற்கு நேர் எதிரானது. இதில் மருந்து உண்டு, செவிலியர் உண்டு, கவனிப்பு முன்னைவிடக் கூடுகிறது. மூன்றாம் மாடி ஐசியூவில், ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் பார்க்க விடும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், குழாய்களோடு அப்பா இறந்தால் ‘எல்லாம் செய்தார்கள்’ என்று ஊர் பேசும். பெற்ற மகள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இறந்தால் ‘பார்க்காமல் விட்டுவிட்டார்கள்’ என்று ஒருவர் சொல்லலாம். அந்தப் பேச்சுக்காக அப்பாவைக் கொண்டு போகாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றியும் இதே மனச்சங்கடம் உங்களுக்கு வரும். குடலிலும் கல்லீரலிலும் நீர் கோத்திருப்பதால் பசி எடுக்காது. இரண்டு வாய் கஞ்சி போதும் என்றால் போதும். வற்புறுத்தி ஊட்டினால் வாந்திதான் வரும். தாகத்துக்குச் சின்ன ஐஸ் துண்டு, நாக்கு காயாமல் ஈரத் துணி. கடைசி நாட்களில் விழிப்பே இல்லாமல் கிடக்கும்போது உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றுவது நம் வழக்கம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழாயில் இறங்கும். துளசித் தீர்த்தத்தையோ பாலையோ விரலில் தொட்டு உதட்டை நனைத்தால் சடங்கும் நிறைவேறும், அவருக்கும் தொந்தரவு இல்லை. இதை முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் சொன்னால் சண்டையாகும்.

அந்தக் கடைசி நாட்களில் மூச்சு நின்று நின்று வரும். சில நொடி இல்லாமலே போய், மறுபடி வேகமாக வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். பார்ப்பவர்களுக்குத்தான் பயம், அவருக்கு அநேகமாக அந்த உணர்வு இருக்காது. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், செவிலியரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இறந்தால் போலீஸ் வருமோ என்று பயப்பட வேண்டாம். நோயால் வந்த, எதிர்பார்த்த மரணத்துக்கு அது தேவையில்லை. வைத்தியம் பார்த்து வந்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4அ-வில் எழுதித் தருவார். 21 நாட்களுக்குள் பேரூராட்சி அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தே கண்ணயர்கிறார் என்றால் நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள்? வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாராவது விழித்திருக்க வேண்டும். அண்ணன் அனுப்புவதாகச் சொல்லும் பணத்தில் ஓர் இரவு ஆயாவை வைக்கலாம். சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ஐசியூவுக்கு ஆகும் தொகையில் அந்த அம்மாவுக்குப் பல வாரச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். தூரத்தில் இருக்கிறவனால் செய்ய முடிந்தது பணம் அனுப்புவது மட்டும்தான் என்பதால்தான் சென்னை, சென்னை என்கிறான். உங்கள் இதய மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில், அனுமதி கேட்டு, போனில் அவனையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். ‘ஆச்சரியமாக இருக்குமா’ என்ற கேள்விக்கு டாக்டர் சொல்லும் பதிலை அவன் தன் காதால் கேட்கட்டும். கேட்ட பிறகு, லீவு எடுப்பதானால் காரியத்துக்கு என்று சேர்த்து வைக்காமல் இப்போதே எடுத்து வரச் சொல்லுங்கள். அப்பாவால் இன்னும் உட்கார்ந்து பேச முடிகிறது.